மரபணு அறிக்கையில் ‘உறுதியாகவில்லை’ என்று வந்திருக்கிறது: நாங்கள் என்ன செய்வது?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 36 வயதுள்ள பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய தம்பிக்கு 29 வயது. இரண்டு ஆண்டுகளாகத் திடீர் திடீரென்று தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, சட்டை நனையும் அளவுக்கு வியர்வை என்று அவதிப்பட்டு வந்தவரை மனப்பதற்றம் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒருநாள் ரத்த அழுத்தம் 220/130 என்று ஏறியபோதுதான் வயிற்றை ஸ்கேன் செய்து, வலது அட்ரினல் சுரப்பியில் 5 சென்டிமீட்டர் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பியோகுரோமோசைட்டோமா என்ற அந்தக் கட்டியை அறுவை செய்து அகற்றிவிட்டார்கள். இப்போது தம்பி நலமாக இருக்கிறார். இளவயதில் வந்த கட்டி என்பதால் மரபணுப் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். எஸ்.டி.எச்.பி. என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு இருப்பதாகவும், அதன் ‘முக்கியத்துவம் உறுதியாகவில்லை’ என்றும் அறிக்கை வந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோய் வாசகியும் அவருடைய தாயாரும் தாங்களாகவே ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார்கள். தாயாருக்கு அந்த மாறுபாடு இல்லை, வாசகிக்கு இருக்கிறது. தந்தை 47 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனவர். மாரடைப்பு என்று சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை.

“எனக்கும் அந்தக் கேன்சர் ஜீன் இருக்கிறதா? என் எட்டு வயது மகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? அட்ரினல் சுரப்பிகளை இப்போதே எடுத்துவிட்டால் நிம்மதி என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நீ நன்றாகத்தானே இருக்கிறாய், அதனால் அது ஒன்றும் செய்யாது என்று என் கணவர் சொல்கிறார். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், அதையும் நிறுத்திவிட்டோம்” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த இரண்டு அறிக்கைகளையும் வரி வரியாகப் படித்தேன். அரிதான மாறுபாடு ஒரு குடும்பத்தையே அடையாளம் காட்டிவிடும் என்பதால் அதன் எண்ணை இங்கே வெளியிடவில்லை. முதலில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உங்களுக்குப் புற்றுநோய் மரபணு இருப்பதாக அந்த அறிக்கை சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த நிலையில் உங்கள் உடல் மீதோ மகளின் உடல் மீதோ எடுக்கக்கூடிய எந்தப் பெரிய முடிவுக்கும் அந்த ஒரு வரியை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

மனிதர் ஒருவரின் மரபணுத் தொகுதியை ஒப்பீட்டுக்கென வைத்திருக்கும் பொதுத் தொகுதியோடு வைத்துப் பார்த்தால், 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபாடு தெரியும். அவற்றில் சில நம் தோற்றத்தையும் உடல்வாகையும் ஒருவருக்கொருவர் வேறுபடுத்துவதோடு சரி. மிகப் பெரும்பாலானவை அதைக்கூடச் செய்வதில்லை. எனவே மாறுபாடு இருக்கிறது என்பது யாருக்கும் செய்தியே இல்லை. அந்த மாறுபாடு மரபணுவின் வேலையைக் கெடுக்கிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்லும் முறையை ஒழுங்குபடுத்தி, அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியல் சங்கமும் சேர்ந்து 2015-இல் ஐந்து படிகளை வகுத்தன: நோய் விளைவிப்பது, நோய் விளைவிக்கக்கூடியது, முக்கியத்துவம் உறுதியாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. இரண்டாவது படியில் வைப்பதற்கே 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி வேண்டும். நான்காவது படியில் வைப்பதற்கும், தீங்கில்லை என்ற பக்கத்தில் அதே அளவு உறுதி வேண்டும். இடையில் இருப்பவை எல்லாம் நடுப்படியில் வந்து விழுகின்றன. ஆகவே ‘உறுதியாகவில்லை’ என்பதைப் ‘பாதி ஆபத்து’ என்று படித்துவிடாதீர்கள். ஆதாரம் போதவில்லை என்பதே அதன் பொருள்.

எஸ்.டி.எச்.பி. மரபணு செய்யும் வேலையைச் சிறிது தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். நம் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஏ, பி, சி, டி என நான்கு துண்டுகளால் ஆனது. எஸ்.டி.எச்.பி. மரபணு தயாரிப்பது பி துண்டை; அது 280 அமினோ அமிலங்கள் மணிகளைப்போலக் கோக்கப்பட்ட ஒரு புரதம். இந்த நொதி முற்றிலும் செயலிழந்தால் சக்சினேட் தேங்கிவிடுகிறது. அப்போது செல், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே இல்லாததுபோல நடந்துகொண்டு பெருகத் தொடங்குகிறது. புரதம் பாதியிலேயே நின்றுவிடும்படியான மாற்றம் என்றால் நாங்கள் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அது நோய் விளைவிப்பதுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உங்கள் குடும்பத்தில் இருப்பதோ ஒரேயோர் அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று வந்திருக்கும் மாற்றம். இத்தகைய மாற்றங்கள்தான் எங்களுக்கு மிகுந்த சிரமம் தருபவை. நொதியின் வேலைக்கு இன்றியமையாத இரும்பு–கந்தகக் கொத்துகளைப் பிடித்துவைத்திருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று மாறினால் நொதி செயலிழக்கும். புரதத்தின் ஓரத்தில் ஏறக்குறைய அதே தன்மையுள்ள வேறொன்று வந்து அமர்ந்தால் நொதிக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். உங்கள் அறிக்கையில் ‘கணினிக் கணிப்பு: தீங்கானது’ என்று ஒரு வரி இருக்கிறது; அதன் அடியில் நீங்கள் கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணிப்பு ஒரு சிறு ஆதாரம் மட்டுமே. தனித்து நின்று எதையும் தீர்மானிக்கும் வலு அதற்கு இல்லை.

இப்போது உங்கள் கணவருடைய வாதத்துக்கும் உங்கள் அச்சத்துக்கும் வருகிறேன். இரண்டுமே ஒரே இடத்தில் சறுக்குகின்றன. தம்பிக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, ஆகவே குடும்ப நோய் உறுதியாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தாயாருக்கு இல்லை என்பதால் மாறுபாடு தந்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும். தந்தையிடம் உள்ள எந்த மாறுபாடும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வந்து சேரும். முற்றிலும் தீங்கற்ற ஒன்றும் அப்படித்தான் வரும். அது உங்கள் இருவரிடமும் இருப்பதால் ஒன்றும் நிரூபணமாவதில்லை. நீ நலமாக இருக்கிறாய், எனவே தீங்கில்லை என்று உங்கள் கணவர் சொல்வதும் ஏற்கத்தக்கதன்று. ஏனென்றால் எஸ்.டி.எச்.பி.யில் நோய் விளைவிக்கும் பிறழ்வைச் சுமப்பவர்களிலேயே பலருக்கு வாழ்நாள் முழுவதும் கட்டி வருவதில்லை. அவர் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்; அந்த அக்கறை பெரிது. அதற்காக அவர் சொல்வதை மருத்துவ முடிவாகக் கொண்டுவிட முடியாது.

ரெட் மரபணு கற்பித்த பாடம்

உங்கள் உறவினர் சுரப்பியை எடுத்துவிடச் சொல்வதற்கு ஒரு பின்னணி இருக்கலாம். ரெட் என்ற மரபணுவில் சில பிறழ்வுகள் இருந்தால் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வருவது ஏறத்தாழ நிச்சயம். அதனால் 634-ஆம் இடத்தில் பிறழ்வு உள்ள குழந்தைகளுக்கு 5 வயதையொட்டியே தைராய்டை அகற்றிவிடுவார்கள். உயிர் காக்கும் சிகிச்சை அது. ஆனால் அதே ரெட் மரபணுவில், 791-ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் பினைல்அலனின் வரும் ஒரு மாறுபாடு 1990-களின் இறுதியில் ஜெர்மனியில் விவரிக்கப்பட்டு, நோய் விளைவிப்பதாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதை நம்பி, நோய் எதுவும் இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தைராய்டை அகற்றிக்கொண்டார்கள். பிறகு நோயற்ற பொதுமக்களிடம் தேடிப் பார்த்தபோது அந்த மாறுபாடு அவர்களிடமும் சாதாரணமாகக் காணப்பட்டது. அதைச் சுமக்கும் குடும்பங்களில் நோய் அந்த மாறுபாட்டோடு சேர்ந்து செல்லவும் இல்லை. 2010-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் அது நோயைத் தருவதில்லை என்று காட்டின. அகற்றப்பட்ட தைராய்டு திரும்பி வராது. அவர்கள் நாள்தோறும் மாத்திரை எடுத்தாக வேண்டும். இந்த நிகழ்வை நான் என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வதுண்டு. உங்களுக்கும் சொல்வதற்குக் காரணம், அச்சத்தில் எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே.

இந்த நொதியின் துண்டுகளைத் தயாரிக்கும் எஸ்.டி.எச். மரபணுக்களிலும் இப்படிப்பட்டவை உண்டு. எஸ்.டி.எச்.பி.யின் 163-ஆம் இடத்தில் வரும் மாற்றமும், எஸ்.டி.எச்.டி.யின் 12-ஆம் இடத்தில் வரும் மாற்றமும் நோயற்ற மக்களிடமும் கணிசமாகக் காணப்படுபவை. இவற்றைத் தீங்கற்றவை என்று ஏன் துணிந்து சொல்கிறோம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பியோகுரோமோசைட்டோமாவும் அதன் உறவுக் கட்டியான பாராகாங்கிலியோமாவும் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 2 முதல் 8 பேருக்கு வருபவை. 2011 கணக்கெடுப்பின்படி ஏழு கோடியே இருபது லட்சம் பேர் வாழும் தமிழ்நாட்டில் அது ஆண்டுக்குச் சில நூறு பேர். ஒரு மாறுபாடு நூற்றில் ஒருவரிடம் இருந்தால், ஏழு லட்சம் பேர் அதைச் சுமந்துகொண்டிருப்பார்கள். அது உண்மையிலேயே இந்தக் கட்டிகளை வலுவாக வரவழைப்பதாக இருந்தால் மருத்துவமனைகளில் இடம் இருக்காது.

இந்தக் கணக்கில் நமக்கு ஒரு குறை உண்டு. உலகத் தரவுத்தளங்களில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுக்கள். உறவுக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நம் பக்கத்தில், உலக அளவில் அரிது என்று தெரியும் ஒரு மாறுபாடு குறிப்பிட்ட சமூகத்துக்குள் வெகு சாதாரணமாக இருக்க முடியும். நம்மவர்களின் மரபணுப் பரிசோதனைகளில் ‘உறுதியாகவில்லை’ என்ற வரி இவ்வளவு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் கவுன்சில் இண்டிஜென் திட்டத்தில் 1,029 இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளை வெளியிட்டது. ஜீனோம்இந்தியா திட்டம் 10,000 பேரின் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. உங்கள் அறிக்கையின் தேதியைப் பார்த்தேன். அது அதற்கு முந்தையது. ஆய்வகத்திடம் மறுமதிப்பீடு கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பிளாக்கில் இருக்கும் சாட்சி

உங்கள் கடிதத்தில் யாரும் தொடாமல் விட்டிருக்கும் ஒன்று, இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. அது தம்பியிடமிருந்து அகற்றிய கட்டி. அறுவை செய்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்துப் ‘பிளாக்’ ஆக வைத்திருப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, பி புரதத்தைப் பற்றிக்கொள்ளும் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். நொதியின் நான்கு துண்டுகளில் எது கெட்டாலும் பி புரதம் நிலைக்காது. கட்டிச் செல்களில் பழுப்புப் புள்ளிகள் இல்லாமல் வெளுத்துத் தெரியும். அதே சீவலில் உள்ள ரத்தக்குழாய்ச் செல்கள் பழுப்பாக இருந்து, சாயம் சரியாக ஏறியிருக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்லும். கட்டிச் செல்களும் நன்றாகப் பழுப்பேறியிருந்தால் உங்கள் மாறுபாடு குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. வெளுத்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, சாயம் மங்கலாக ஏறி, பார்ப்பவருக்கு ஐயம் தருவதும் உண்டு. ஆயினும் இரண்டு பேர் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டதைவிட இந்த ஒரு சீவல் அதிகம் சொல்லும். தம்பி எழுத்தில் விண்ணப்பித்தால் ‘ஸ்லைடும் பிளாக்கும்’ கொடுப்பது மருத்துவமனைகளில் வழக்கமான நடைமுறைதான்.

அத்துடன் மரபணு ஆய்வகத்திடம் கேட்டு அறிய வேண்டியவை மூன்று.

எந்தெந்த மரபணுக்களைப் பார்த்தார்கள் என்பது முதலாவது. இந்தக் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பிறவியிலேயே வந்த பிறழ்வு காரணமாக இருக்கிறது. எஸ்.டி.எச். குடும்பத்தோடு வி.எச்.எல்., ரெட், என்.எஃப்.1, மேக்ஸ், டி.எம்.இ.எம்.127, எஃப்.எச். ஆகியவற்றையும் பார்த்திருக்க வேண்டும். உறுதியாகாத ஒன்று கையில் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு. உண்மையான காரணம் வேறு மரபணுவில் இருக்கலாம்.

மரபணுவின் ஒரு பகுதியே விடுபட்டுப்போன பெரிய இழப்புகளையும் தேடினார்களா என்பது இரண்டாவது. மரபணுவின் தனித்தனி எழுத்துகளில் வரும் பிழைகளை மட்டும் தேடும் முறை இவற்றைத் தவறவிட்டுவிடக் கூடும்.

மறுமதிப்பீடு எப்போது, எந்த முறையில் செய்வார்கள் என்பது மூன்றாவது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான மிகப் பெரிய ஆய்வு ஒன்றில், உறுதியாகாத நிலையிலிருந்து பின்னாளில் வகை மாறியவற்றுள் பத்தில் ஒன்பது தீங்கற்ற பக்கமே சென்றன. மீதி எதிர்ப்பக்கம் சென்றிருக்கின்றன என்பதால் இதைக் கேட்டுவிட்டு அறிக்கையைப் பரணில் போட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை கேளுங்கள்.

தந்தையின் மரணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்டறியப்படாத பியோகுரோமோசைட்டோமா திடீர் மரணத்துக்குக் காரணமாக முடியும் என்பது உண்மை. 47 வயதில் மாரடைப்பால் இறப்பவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதும் உண்மை. இன்று அதைப் பிரித்தறிய வழியில்லை. அதை ஆதாரமாக எண்ணி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அதைவிடப் பயனுள்ளது, தந்தை வழி உறவுகளிடம் விசாரிப்பது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அவர்களின் பிள்ளைகள் ஆகியோரில் யாருக்கேனும் கழுத்துப் பக்கவாட்டில் கட்டி, சிறுநீரகப் புற்றுநோய், இளவயதில் இரைப்பைக் கட்டி, காரணம் தெரியாத கடும் ரத்த அழுத்தம் இருந்ததா என்று கேட்டு, வயதோடு எழுதி வையுங்கள். இதே கட்டி வந்த உறவினர் ஒருவரிடம் இந்த மாறுபாடு இல்லை என்று தெரிந்தால், அது மாறுபாட்டுக்கு எதிரான வலுவான சான்று.

உங்களுக்கும் மகளுக்கும்

சுரப்பிகளை எடுத்துவிடும் யோசனையை இன்றோடு கைவிடுங்கள். எஸ்.டி.எச்.பி. பிறழ்வு உறுதியானவர்களுக்கே அதை யாரும் செய்வதில்லை. இந்தப் பிறழ்வால் வரும் கட்டிகள் அட்ரினலுக்கு வெளியே, வயிற்றின் நரம்புமுடிச்சுகளில் தோன்றுவதே அதிகம் என்பதால் சுரப்பியை எடுத்தாலும் பாதுகாப்பு கிடைக்காது. இரண்டு சுரப்பிகளும் இல்லாதவர் வாழ்நாள் முழுவதும் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி வாழ வேண்டும். ஒரு காய்ச்சல் நாளில் அளவு தவறினால்கூட உயிருக்கு ஆபத்து.

நீங்கள் செய்துகொள்ளலாம் என்று நான் கருதுவது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை: பிளாஸ்மா மெட்டாநெப்ரின், அதாவது இந்தக் கட்டி சுரக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்களின் அளவு. மாறுபாட்டுக்காக இதைச் சொல்லவில்லை. இளவயதில் இந்தக் கட்டி வந்தவரின் உடன்பிறந்தவர் என்பதற்காகச் சொல்கிறேன். 20 முதல் 30 நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து, படுத்தபடியே ரத்தம் கொடுக்க வேண்டும். ஆய்வக நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தால் அளவு கூடுதலாக வந்து, இல்லாத நோய்க்குப் பயந்து ஸ்கேன் ஸ்கேனாக அலைய நேரும். மனச்சோர்வுக்கான மாத்திரை எதுவும் எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். விடை இயல்பாக இருந்தால், ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது போதும். தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் அலையாக வந்தால் மட்டும் தாமதிக்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். மயக்க மருந்து கொடுக்கும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் தம்பியின் நோயைச் சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு இப்போது மரபணுப் பரிசோதனை வேண்டாம். உங்களுக்கே பொருள் சொல்ல முடியாத ஒரு வரியை எட்டு வயதுக் குழந்தையின் பெயரில் எழுதி வாங்குவதால் அவளுக்கு எந்தப் பயனும் இல்லை. வளர்ந்தபின் தனக்கு வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவளிடமிருந்து பறிபோகும். ஆனால் மாறுபாடு நோய் விளைவிப்பது என்று பிறகு உறுதியானால் நிலைமை வேறு. எஸ்.டி.எச்.பி. குடும்பங்களில் குழந்தைகளுக்கான கண்காணிப்பை 6 முதல் 10 வயதுக்குள் தொடங்கலாம் என்று 2021-இல் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். அதனால்தான் பிளாக்கைத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே கேட்டு வாங்கச் சொல்கிறேன். அதுவரை, குழந்தை மருத்துவரிடம் போகும்போது அவளுக்கு ஏற்ற அளவுள்ள கைப்பட்டை கொண்டு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டால் போதும்.

தம்பியின் திருமணம்

பெண் பார்ப்பதை நிறுத்திவைத்திருப்பதாகப் படித்தபோது மனம் வருந்தியது. நலமடைந்த இளைஞர் ஒருவரின் வாழ்க்கையை, பொருள் தெரியாத ஒரு சொற்றொடருக்காக நிறுத்திவைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அவருக்குக் கட்டி வந்தது, அறுவை நடந்தது, இனிக் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் மெட்டாநெப்ரின் பரிசோதனை தேவை, மாறுபாடு நோய் விளைவிப்பது என்று உறுதியானால் அது வாழ்நாள் முழுவதும் தொடரும்: இவை உண்மைகள். மணக்கப்போகும் பெண்ணிடம் இவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதை அவரே சொல்வது நல்லது. ‘பரம்பரைக் கேன்சர் ஜீன்’ என்று இதுவரை யாரும் நிரூபிக்காத பட்டத்தை அவர் மீது சுமத்திச் சொல்ல வேண்டிய கடமை உங்களில் யாருக்கும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பேச, மரபியல் துறை உள்ள மருத்துவமனை ஒன்றுக்குத் தம்பியை அழைத்துச் செல்லுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்தகைய துறை இருக்கிறது. போகும்போது இரண்டு மரபணு அறிக்கைகள், அறுவைக்குப் பின் வந்த பயாப்ஸி அறிக்கை, பிளாக், தந்தை வழி உறவினர் விவரம் எழுதிய தாள் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். சாயப் பரிசோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பழுப்பேறியிருந்தாலும் வெளுத்திருந்தாலும், அடுத்து மகளுக்கு என்ன செய்வது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.